பூக்காரம்மாவிடம் சொல்லிவிட்டுப் போன சொல்

இரண்டு வருடத்துக்கு முன், பங்குனி மாதக் கடைசியில், திருவண்ணாமலையில் நடந்தது இது. அந்த ஊர் வெயிலைப் பற்றி நிறையவே கேள்விப்பட்டிருந்தேன். ஆனாலும் காலை ஒன்பது மணிக்கே மலையிலிருந்து அனல் இறங்கி வந்து முகத்தில் அறையும் என்று எதிர்பார்க்கவில்லை.

நாங்கள் திருநெல்வேலிப் பக்கத்து ஆட்கள். நான் ஒரு பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளர். மத்தியானம் மணி அடித்த மறுநிமிஷம் பிள்ளைகள் தட்டோடு வரிசையில் வந்து நிற்கும். அதற்குள் சாதம், சாம்பார், முட்டை எல்லாம் தயாராக இருக்க வேண்டும். வருடக்கணக்காக இப்படியே ஓடி ஓடி, எனக்கு நடக்கவே மறந்துபோய்விட்டது. "அவ காலுல சக்கரத்தக் கட்டிக்கிட்டுல்லா பொறந்திருக்கா" என்று என் நாத்தனார் சொல்லுவாள். அதைப் பாராட்டு என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன்.

என் கணவர் கட்டட வேலையில் சூப்பர்வைசராக இருந்தவர். சாரத்தில் ஏறி இறங்கிய மனிதர். அதற்கு முந்தின வருடம் பக்கவாதம் வந்து அவரைப் போட்டுப் பார்த்துவிட்டது. பிழைத்து எழுந்தார். ஆனால் இடது காலை இழுத்துத்தான் நடப்பார், பேச்சு கொஞ்சம் குழறும். எல்லாவற்றையும்விடப் பெரிய பயம் அந்த இடது பாதம். அதில் உணர்ச்சியே கிடையாது. கூடவே சர்க்கரையும் உண்டு. "இந்தக் காலுக்குச் சூடு தெரியாது, முள்ளு குத்துனாலும் தெரியாது. கொப்புளம் வந்து புண்ணாச்சுன்னா காலைக் காப்பாத்துறது கஷ்டம். வெறுங்காலோட மட்டும் விட்டுராதீங்க" என்று டாக்டர் என்னிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

ஒரு வருடம் வீட்டுக்குள்ளேயே கிடந்தவருக்கு ஒரே ஓர் ஆசை. திருவண்ணாமலைக் கோபுரங்களைப் பார்க்க வேண்டும். சாமியைக் கும்பிடுவது அப்புறம்தான். கிரேன் இல்லாத காலத்தில் இத்தனை உயரத்துக்குக் கல்லை எப்படி ஏற்றினார்கள் என்று வேலையில் இருந்த காலத்திலேயே புலம்பிக்கொண்டிருப்பார். கோயிலுக்குள்ளே ஒரு மகிழ மரம் இருக்கிறது, அதன் பக்கத்தில் ஓர் இடத்தில் நின்றால் ஒன்பது கோபுரமும் ஒன்றாகத் தெரியும் என்று யாரோ சொல்லக் கேட்டு, அதையே மூன்று மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

சரி என்று கிளம்பினோம். நான் சும்மா கிளம்புவேனா? ஒரு தாளில் பட்டியல் போட்டுவிட்டேன். காலையில் கோயில், பத்தரைக்குள் வெளியே வந்து ஆட்டோ பிடித்துக் கிரிவலப் பாதையில் எட்டு லிங்கம், அப்படியே செங்கம் ரோட்டில் ஆசிரமம், சாயங்காலம் தேரடி வீதிக் கடைகள், ராத்திரி பஸ். ஒருநாளில் ஊரையே சுருட்டிப் பைக்குள் போட்டுக்கொண்டு போகிற திட்டம். அந்தப் பையே காலையில் பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போது காது அறுந்துவிட்டது. ஓர் ஊக்கைக் குத்தி ஒப்பேற்றினேன். "ஒரு பை வாங்கணும், ஒரு பை வாங்கணும்" என்று லாட்ஜிலிருந்து கோயில் வரைக்கும் முனகிக்கொண்டே வந்தேன்.

தரிசனம் நன்றாகத்தான் கிடைத்தது. ஆனால் அவர் நடந்த நடையில் மணி பத்தரை அங்கேயே ஆகிவிட்டது. மகிழ மரத்துப் பக்கம் வந்ததும் நின்று அண்ணாந்து பார்க்கப் போனார். "போட்டோல பாத்துக்கிடலாம், வாங்க" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டேன். ராஜகோபுரத்துக்கு வெளியே வந்ததும், கோயிலுக்குள் அவருக்குப் போட்டுவிட்டிருந்த தடித்த சாக்ஸ் நனைந்திருந்ததால் கழற்றி என் பையில் போட்டேன். அவருடைய வார் வைத்த செருப்பை மாட்டிவிட்டேன். பூக்கடைகள் பக்கம் ஒரு கடையில் தார்ப்பாய் நிழல் நன்றாக விழுந்தது. அந்தப் பூக்காரம்மாவுக்கு என் வயதுதான் இருக்கும். "இப்டி நெழலா குந்த வைங்கம்மா, பாவம்" என்று அவளே ஒரு ஸ்டூலை நகர்த்திப் போட்டாள்.

அங்கே உட்கார்ந்ததும் என் கணவர் மெல்லக் கேட்டார், "அந்த மரத்தடிக்கு... ஒரு எட்டு... போயிட்டு வருவோமா?"

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு எரிச்சல் வந்ததோ. பட்டியல் எல்லாம் பாழாகிறதே என்கிற கோபம். "நீங்க ஒரு எட்டு வைக்கதுக்குள்ள கோயிலையே சாத்திருவாங்க. உங்ககூட நடந்தா அந்த மலையே நம்மள முந்திரும்" என்றேன். நாலு பேர் காதில் விழும்படிதான் சொன்னேன். பூக்காரம்மா தலையைக் குனிந்துகொண்டு பூத் தொடுத்தாள். அவர் வாய் ஒரு பக்கமாகக் கோணச் சிரித்தார். நான் ஆட்டோ பேசிவிட்டு வருகிறேன், இங்கேயே இருங்கள் என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று போய்விட்டேன். அவருடைய போன், ஒரு மணிக்குப் போட வேண்டிய மாத்திரை, சாக்ஸ் எல்லாம் என் பைக்குள் இருந்தன.

ஆட்டோவோடு திரும்பி வந்தால் ஸ்டூல் காலி.

"இங்க இருந்தாவளே, எங்க?" என்று கேட்டேன்.

பூக்காரம்மா ஒரு கும்பலுக்கு மாலை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். "பை வாங்கினு வரேன்னு சொல்லிட்டுப் போனாரும்மா. உங்கள முன்னால போவச் சொன்னாரு" என்றாள்.

எனக்கு ஆத்திரமாகவும் வந்தது, கொஞ்சம் பாவமாகவும் இருந்தது. காலையிலிருந்து நான் முனகியதைக் கேட்டுவிட்டு மனிதர் எனக்குப் பை வாங்கப் போயிருக்கிறார். திட்டின வாய்க்குப் பரிசு! ஆட்டோவை அனுப்பிவிட்டு, அவரைப் பிடித்துவிடலாம் என்று தேரடி வீதிக்குள் இறங்கினேன். அந்தக் காலோடு எவ்வளவு தூரம் போயிருக்க முடியும்?

அன்றைக்குத்தான் ஓர் ஊரில் எத்தனை வகைப் பை விற்கிறார்கள் என்று தெரிந்துகொண்டேன். ரெக்ஸின் பை, சணல் பை, சாமி படம் போட்ட மஞ்சள் பை, வெள்ளைக்காரர்கள் தோளில் மாட்டுகிற ஜோல்னாப் பை, காய்கறிக் கடையில் கட்டுக்கட்டாகத் தொங்குகிற நைலான் பை. ஒவ்வொரு கடையாக ஏறினேன். "வேட்டி, நீலச் சட்டை, இடது கால இழுத்து நடப்பாவ, பை வாங்க வந்தாவளா?" என்று கேட்டேன். ஒரு கடைக்காரர் நான் கேட்டு முடிப்பதற்குள் நாலு பையை எடுத்துப் பரப்பிவிட்டார். "ஐயா, எனக்குப் பை வேண்டாம், ஆளு வேணும்" என்றேன். இன்னொரு கடையில், கால் இழுத்து நடக்கிற ஒருவர் சின்னக்கடைத் தெருப் பக்கம் போனதாகச் சொன்னார்கள். ஓடினேன். பித்தளை விளக்கு, மஞ்சள், குங்குமம், வறுத்த கடலை வாசம், எல்லாவற்றையும் ஆசையாகச் சுற்றிப் பார்க்கத்தானே வந்தேன்? ஒன்றும் கண்ணில் ஏறவில்லை. தெருக்கோடியில் அந்த ஆளைப் பிடித்துவிட்டேன். வேறு யாரோ பெரியவர், முழங்கால் வலியாம். என்னைப் பார்த்து அவர்தான் பயந்துபோனார்.

மணி பதினொன்றே முக்கால். தலை கிறுகிறுத்தது. எங்காவது மயங்கி விழுந்திருப்பாரோ? மறுபடி பக்கவாதம் அடித்துவிட்டதோ? யாரிடமாவது உதவி கேட்க வாய் வந்ததோ என்னவோ? கோயில் பக்கம் பாதுகாப்புக்கு நின்ற ஒரு பெண் போலீஸிடம் போய் அழுதுகொண்டே சொன்னேன். வயதில் சின்னப் பெண், ஆனால் பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள். அடையாளம் எல்லாம் குறித்துக்கொண்டு, "கடைசியா அவரு வாயால என்னா சொன்னாரு? அதை அப்டியே சொல்லுங்க" என்றாள்.

நான் திகைத்துப்போனேன். அவர் வாயால் சொன்னதை நான் கேட்கவே இல்லையே. அவர் என்னிடம் கடைசியாகச் சொன்னது "ஒரு எட்டு போயிட்டு வருவோமா" என்பது. நான் அவரிடம் கடைசியாகச் சொன்னது என்ன என்பதும் கூடவே நினைவுக்கு வந்தது. இதுவே கடைசிப் பேச்சாக ஆகிவிட்டால் நான் எந்த முகத்தோடு ஊருக்குப் போவேன்? அந்தப் பெண்ணிடம், "பூக்காரம்மாவக் கேட்டுட்டு வந்துருதேன்" என்று சொல்லிவிட்டு மறுபடி பூக்கடைக்கு ஓடினேன்.

"அக்கா, அவிய சொன்னத அப்படியே சொல்லுங்க. ஒரு எழுத்து விடாமச் சொல்லுங்க" என்று கையைப் பிடித்துக்கொண்டேன்.

அவள் கண்ணை மூடிக்கொண்டு யோசித்தாள். "அவ வந்தா முன்னால போவச் சொல்லுங்கன்னாரு. அப்பால... வாய் கொஞ்சம் கொழறுச்சு. 'நான் பைய'ன்னாரு. கொஞ்சம் நிறுத்தி 'வாரேன்'னாரு. பைய வாங்கியாரேன்னு சொல்றாரு போலன்னு நெனச்சுக்கினேன்."

"பைய வாரேன்!"

நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். எங்கள் ஊரில் 'பைய' என்றால் மெதுவாக. குழந்தை படி இறங்கினால் 'பைய எறங்கு' என்போம். வீட்டை விட்டுக் கிளம்புகிறவர்களிடம் 'பையப் போங்க' என்போம். அவர் சொன்னது, நீ முன்னால் போ, நான் மெதுவாக வருகிறேன் என்று. பையாவது கத்தரிக்காயாவது! அதைக் கேட்டு ஒருமணி நேரமாக நான் ஊரில் உள்ள பைக்கடை எல்லாம் ஏறி இறங்கியிருக்கிறேன். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

"ஐயோ, மெல்ல வரேன்றதுக்கா பையின்றீங்க உங்க ஊர்ல? எனக்கு இன்னாமா தெரியும்?" என்று அவள் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டாள். தப்பு செய்துவிட்டோமே என்று அவளுக்கு முகம் வெளுத்துவிட்டது. "உங்க மேல ஒரு குத்தமும் இல்லக்கா" என்றேன். அப்போதுதான் அவள் பூக்கூடையை நகர்த்தினாள். கூடைக்குப் பின்னால், பலகைக்கு அடியில், அவருடைய வார் செருப்பு இரண்டும் ஒழுங்காக ஜோடி சேர்ந்து இருந்தன.

எங்கே போயிருக்கிறார் என்று அந்த நொடியில் தெரிந்துவிட்டது. கோயிலுக்குள், மகிழ மரத்தடிக்கு. சாக்ஸ் இல்லாமல், வெறுங்காலோடு, பங்குனி மாதத்து மத்தியான வெயிலில் காய்ந்து கிடக்கிற கருங்கல் தரையில். சூடு தெரியாத அந்தக் காலோடு.

பூக்காரம்மா ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. பக்கத்துக் கடைக்காரியிடம் "கடைய பாத்துக்கோடி" என்று குரல் கொடுத்தாள். பூ மேல் மூடியிருந்த ஈரச் சாக்கை உருவி இடுப்பில் இடுக்கிக்கொண்டு எனக்கு முன்னால் நடந்தாள். நடை சாத்தும் நேரம் நெருங்கியதால் வாசலில் காவலுக்கு நின்றவர் எங்களை உள்ளே விடத் தயங்கினார். "அண்ணே, இந்தம்மா ஊட்டுக்காரரு உள்ள இருக்காரு, கால் முடியாதவரு. இட்டுனு வந்துடறோம்" என்று அவள் சொன்ன சொல்லில் வழிவிட்டார்.

உள்ளே நடைபாதைக்குத் தேங்காய் நார் விரிப்பு போட்டுத் தண்ணீர் தெளித்து வைத்திருந்தார்கள். எல்லோரும் அதன் மேல்தான் போனார்கள். எனக்கு அதெல்லாம் கண்ணில் பட்டால்தானே? விரிப்பு வளைந்து வளைந்து போகிறதே என்று திறந்த வெளியில் நேராகக் குறுக்கே ஓடினேன். "கல்லுல ஓடாதீங்கம்மா, சூடு ஜாஸ்தி" என்று பூக்காரம்மா கத்துவது கேட்டது. கால் எரிந்தது. நின்றால் இன்னும் எரிந்தது. வல்லாள கோபுரம், கிளி கோபுரம் எல்லாம் தாண்டி ஒரே ஓட்டம்.

மகிழ மரத்து நிழலில் அவர் நின்றுகொண்டிருந்தார். ஒரு கையால் மரத்தைச் சுற்றியிருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டு, அண்ணாந்து பார்த்தபடி உதடு அசைய எண்ணிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் முழுக்கச் சிரிப்பு. "அன்னா பாரு பிள்ள... ஒம்போது" என்றார்.

நான் கோபுரத்தைப் பார்க்கவில்லை. அப்படியே கீழே விழுந்து அவருடைய இடது காலைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டேன். உள்ளங்காலைத் தடவித் தடவிப் பார்த்தேன். விரல் இடுக்கு, குதிகால், ஓரம். ஒன்றுமே இல்லை. ஒரு சிவப்புகூட இல்லை. நம்ப முடியாமல் மறுபடியும் பார்த்தேன்.

"எப்படி வந்தீய?" என்று கேட்டேன்.

"கருங்கல்லு... இந்நேரம் தோசைக்கல்லுல்லா. எனக்குத் தெரியாதா? நெழல்... நெழலா வந்தேன். மொதல்ல சோத்துக்கால வச்சுப் பாப்பேன். சுட்டா... நின்னுக்கிடுவேன்" என்றார்.

முப்பது வருடம் கல்லோடும் சிமெண்டோடும் இருந்த மனிதர் அல்லவா? விரிப்பு உள்ள இடத்தில் விரிப்பு, இல்லாத இடத்தில் மண்டபத்து நிழல், மதில் நிழல். ஒவ்வோர் எட்டுக்கும் உணர்ச்சி உள்ள வலது காலை முதலில் வைத்துத் தொட்டுப் பார்த்துவிட்டு, அதன் பிறகுதான் இடது காலை எடுத்து வைத்திருக்கிறார். அதனால்தான் அந்தக் கொஞ்ச தூரத்துக்கு ஒருமணி நேரத்துக்கு மேல் ஆகியிருக்கிறது. என்னுடைய வேகத்துக்கு நான் இழுத்துக்கொண்டு வந்திருந்தால் அந்தக் கால் என்னவாகியிருக்கும் என்று நினைத்துக்கொண்டே அதை விடாமல் பிடித்திருந்தேன். அதற்குள் ஈரச் சாக்கோடு வந்து சேர்ந்த பூக்காரம்மா, "அவரு கால வுடும்மா. உன் கால பாரு முதல்ல" என்றாள்.

பார்த்தேன். என் இரண்டு உள்ளங்காலிலும் கொப்புளம் கிளம்பியிருந்தது.

கொண்டுவந்த ஈரச் சாக்கு எனக்குத்தான் உதவியது. அதை இரண்டாகக் கிழித்து என் காலில் சுற்றிவிட்டாள். பூக்கடைக்குத் திரும்பி வந்ததும், அவர் உட்கார்ந்த அதே ஸ்டூலில் என்னை உட்காரவைத்து, பூவுக்குத் தெளிக்க வைத்திருந்த தண்ணீர் வாளிக்குள் என் காலை விடச் சொன்னாள். "பூத் தண்ணில போய் காலையா" என்று தயங்கினேன். "கொட்டிட்டு வேற புடிச்சுக்கலாம், வைம்மா" என்று அதட்டினாள். பெற்ற தாய்போல அவள் என் காலை அமுக்கித் தண்ணீருக்குள் வைத்தபோது, என்னை மறந்து அழுதுவிட்டேன். தேடிக்கொண்டே வந்த அந்தப் பெண் போலீஸும் விஷயத்தைக் கேட்டுச் சிரித்துவிட்டு, பக்கத்து மருந்துக்கடையில் களிம்பு வாங்கிவந்து கொடுத்தாள்.

பட்டியல் போன இடம் தெரியவில்லை. இரண்டு நாள் லாட்ஜில் தங்கினோம். மூன்றாம் நாள் விடிந்ததும், கல் குளிர்ந்து கிடக்கிற நேரத்தில், மறுபடி மகிழ மரத்தடிக்குப் போனோம். அவர் காலில் காய்ந்த சாக்ஸ். என் காலில் துணிக்கட்டு. ஒவ்வோர் எட்டும் வைக்க எனக்கு உயிர் போனது. அவர் எனக்கு முன்னால் போய்ப் போய் நின்று, திரும்பிப் பார்த்து, நான் வரும்வரை காத்துக்கொண்டு நின்றார். ஒரு வார்த்தை கோபமாகச் சொல்லவில்லை. வல்லாள கோபுரத்து வாசலில் மட்டும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "பைய வா பிள்ள... அந்த மலை ஒன்ன முந்துனா... முந்திட்டுப் போட்டும்" என்றார். எனக்குச் சுருக்கென்றது, ஆனால் அவர் குத்திக்காட்டிச் சொல்லவில்லை. அப்படித்தான் ஒன்பது கோபுரத்தையும் நான் பார்த்தேன். அவர் எண்ண, நான் கூடச் சேர்ந்து எண்ணினேன்.

ஊருக்குக் கிளம்பும்போது பூக்காரம்மாவிடம் சொல்லிக்கொள்ளப் போனோம். என் தலையில் ஒரு முழம் மல்லியை வைத்துவிட்டு, நாங்கள் கொஞ்ச தூரம் போனதும் பின்னாலிருந்து கத்தினாள். "பைய போய்ட்டு வாங்க!" பக்கத்துக் கடைக்காரி, எந்தப் பை என்று அவளைக் கேட்டது என் காதில் விழுந்தது.

இப்போதும் பள்ளிக்கூடத்தில் மணி அடித்தால் நான் ஓடத்தான் செய்கிறேன், அந்தப் பழக்கம் போகாது. சாயங்காலம் அவரோடு தெருமுனை வரைக்கும் நடக்கும்போது மட்டும் வேகத்தைக் குறைத்துக்கொண்டு கூடவே போகிறேன். நோயில் விழுந்த நாளிலிருந்து அந்த மனிதர் என்னிடம் 'பைய வாரேன், பைய வாரேன்' என்று சொல்லிக்கொண்டேதான் இருந்தார். எனக்குத்தான் அந்த முதல் வருடம் முழுக்க அந்தப் 'பைய' மட்டும் கேட்டது, 'வாரேன்' கேட்கவே இல்லை.